நீலத்தீயின் கடைசிப் பக்கம்

போன கிழமை என் மகன் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு தன் சாச்சியான என் தங்கையின் மகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பறக்கிற வீரன் ஒருவன் மலையிலிருந்து விழுந்துவிட்டானாம். அவன் செத்தானா இல்லையா என்பதுதான் வழக்கு. என் மகன் ஒரே போடாகப் போட்டான்: "விழுந்ததத்தான் காட்டினாங்க. ஆளக் காட்டல்ல. அப்ப சாகல்ல."

கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். இந்தச் சட்டத்தை அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே இதை எழுதி வைத்த நான்கு பேரில் நானும் ஒருத்தி என்பது அவனுக்குத் தெரியாது.

சிலாவத்துறையிலும் அரிப்பிலும் மீள்குடியேறிய அந்த முதல் வருடத்தில் பதின்மூன்று வயதில் நின்ற என் கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முப்பதை எட்டிப் பிடித்ததற்கே பிள்ளைகள் நம்மைக் கிழடுகளின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு நெற்றிக்கு மேலே நரையும் வந்துவிட்டது, சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் வந்திருக்கும். ஞாபகம் ஒழுங்காக இருக்கும்போதே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் நான் ஒரு களவு செய்தேன். ஒரு படக்கதைப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து எடுத்தேன். வேண்டுமென்றே செய்தேன்.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் ஆட்கள் போய்ச் சேர்ந்த புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள் நான். ஊர், ஊர் என்று வாப்பா வாயூறச் சொன்ன சிலாவத்துறைக்கு வந்து பார்த்தால் ஊரைக் காணவில்லை. உடைமுள் பற்றையும், கூரை இல்லாத சுவர்களும், சுவருக்குள் வளர்ந்த மரங்களும்தான் இருந்தன. வாப்பா ஒரு வேப்பமரத்தைத் தொட்டு, இதுதான் என் வாப்பாவின் குசினி என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா தொடையில் கிள்ளினார்.

தகரக் கொட்டிலில் இருந்தோம். பகலில் தகரம் காய்ச்சும், பின்னேரம் கடற்காற்று வந்து மணலை அள்ளிச் சோற்றில் போடும். தண்ணீர் பவுசர் வருகிற சத்தம் கேட்டால் எந்தக் காரியத்தையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். பொழுதுபோக்கென்று ஒன்றும் இல்லை, ரியூசன் கொட்டிலைத் தவிர. சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் இடையில், ரோட்டோரம், நான்கு பனங்கட்டையும் தகரமும் போட்டு மன்னாரில் இருந்து வந்த ஓர் இளம் மாஸ்டர் நடத்தினார். எங்கள் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளும் அரிப்பு வேதக்காரப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் உட்கார்ந்தது அங்கேதான்.

என் வாங்கில் இருந்தவள் அரிப்புப் பெட்டை. வாங்குக்காரி என்றே சொல்கிறேன், அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டேன். சண்டைக் காலத்தில் வன்னிக்குள் அகப்பட்டு, பிறகு செட்டிகுளத்து முகாமில் இருந்துவிட்டுத் தாயோடு ஊருக்குத் திரும்பியிருந்தாள். மெலிந்தவள். பேசினால் எண்ணி எண்ணிப் பேசுவாள். ஆனால் நீலத்தீயைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அவளை யாரும் நிறுத்த முடியாது.

நீலத்தீ யாரென்று மறந்தவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மலிவுப் படக்கதைப் புத்தகத்தின் வீரன். கறுப்பும் நீலமும் என்று இரண்டே மையில் அச்சடித்திருப்பார்கள். பகலில் தபால் கந்தோரில் கடிதத்துக்கு முத்திரை குத்துகிறவன், ஆபத்து வந்தால் கண்ணுக்கு மட்டும் ஒரு முகமூடியைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையில் நீல நெருப்பு எரியக் கிளம்பிவிடுவான். உப்புத் தண்ணீர் பட்டால் மட்டும் நெருப்பு அணைந்துவிடும். அவனுடைய ஒரே குறை அது.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் என் மாமா, உம்மாவின் நாநா. எங்கள் கரை மீனை ஐஸ் பெட்டியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோகிற லொறி அவருடையது. திரும்பி வரும்போது பஸ் நிலையக் கடையில் தன் மகனுக்காக அதை வாங்கி, ஆசனத்துக்குப் பின்னால், ஐஸ் தண்ணீர் வழிகிற இடமாகப் பார்த்துச் செருகி வைப்பார். வந்து சேரும்போது தாளெல்லாம் ஒட்டிப்போய்ச் சூடை மீன் நாறும். தகரத்தின் மேல் விரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு மட்டிச் சிப்பியைப் பாரம் வைத்துக் காயவிடுவோம். இன்றைக்கும் யாராவது சூடை பொரித்தால் எனக்குப் படக்கதை வாசிக்க வேண்டும்போல இருக்கும்.

நாங்கள் நான்கு பேர். நான், வாங்குக்காரி, மாமாவின் மகனான என் மச்சான், அரிப்பில் இருந்து வந்த இன்னொரு பையன். அவன் கணக்குக் கொப்பி முழுக்க நீலத்தீயைக் கீறி வைத்திருந்ததால் அவனுக்குப் படக்காரன் என்று பெயர். ரியூசன் தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பே வந்துவிடுவோம். பாடத்துக்கு இவ்வளவு ஆசையா என்று மாஸ்டர் கொஞ்ச நாள் ஏமாந்தார்.

என்ன கதைத்தோம் என்று கேட்டால் எல்லாவற்றையும் கதைத்தோம். உப்புத் தண்ணீருக்குப் பயந்த வீரனை வைத்துக்கொண்டு எங்கள் கரையில் என்ன செய்வது என்று படக்காரன் கேட்டான், இவன் இறால் உரிக்கக்கூட உதவமாட்டான் என்றான். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுடைய வாப்பா கொண்டுவரும் புத்தகம் என்பதால் நீலத்தீ அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. போன புத்தகத்தில் வில்லனுக்கு இடது கையில் இருந்த தழும்பு இந்தப் புத்தகத்தில் வலது கைக்கு எப்படிப் போனது என்று நான் ஒருநாள் முழுக்க வாதாடினேன். கதையில் வருகிற எல்லாரும் ஐயகோ, ஐயகோ என்று அலறுவதைப் பார்த்து, அந்த நகரத்தில் ஒருவருக்கும் ஒழுங்காக அழத் தெரியாது என்றோம்.

வாங்குக்காரியின் கேள்விகள் வேறு மாதிரி. ஒரு புத்தகத்தில் வில்லன் பெரிய மாடிக் கட்டடம் ஒன்றை உடைத்துவிடுவான், அடுத்த புத்தகத்தில் அது அப்படியே நிற்கும். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்க இருந்த சனம் எங்க போச்சுது? ஆர் அவைக்குத் தகரம் குடுத்தது?" என்று கேட்டாள். புத்தகத்தின் கடைசித் தாளில், கதை முடிகிற பக்கத்துக்குப் பின்னால், வாசகர் கடிதங்கள் வரும். இந்தக் கேள்வியையே எழுதிக் கேட்போம் என்று முடிவு செய்தோம். நான் எழுதினேன், நான்கு பேரும் கையெழுத்து வைத்தோம், மாமா புத்தளத்தில் தபாலில் போட்டார். போட்டேன் என்றுதான் சொன்னார்.

இன்னொரு நாள் முகமூடியைப் பற்றிய வழக்கு. கண்ணை மட்டும் மறைத்தால் கந்தோரில் கூட வேலை செய்கிற பெட்டைக்கு ஆளை அடையாளம் தெரியாதா என்று கேட்டேன். தெரியாது என்றான் மச்சான். வாங்குக்காரி தலையை ஆட்டினாள். முகம் எதற்கு, நடையே போதும் என்றாள். "என்ட அண்ணா ஒரு கட்டை தூரத்தில வந்தாலும் நடையில பிடிப்பன்."

அண்ணா இருப்பதாக அவள் அன்றைக்குத்தான் சொன்னாள். எங்கே என்று படக்காரன் கேட்டான். அவள் பக்கத்தைப் புரட்டினாள். படக்காரன் பிறகு எனக்குத் தனியாகச் சொன்னான். சண்டையின் கடைசி நாட்களில் சனம் வன்னியிலிருந்து நடந்து வெளியே வந்தபோது ஆமிக்காரர் ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களை ஒரு வரிசையிலும் விட்டார்களாம். அண்ணன் ஒரு பஸ்ஸில் ஏறியதைத் தாய் கண்டிருக்கிறார். அந்தப் பஸ் எங்கே போனதென்று தெரியாது. ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அவளோடு அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இனி எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புத்தகம் மாதத்துக்கு ஒன்று, சிலவேளை இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் வரும். அரை மணித்தியாலத்தில் வாசித்து முடித்துவிட்டு அடுத்த மாதம்வரை என்ன செய்வது? அதனால் கடைசிப் பக்கத்தை அன்றைக்கே பார்க்கக்கூடாது என்று வைத்தோம். மச்சான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கடைசித் தாளை உட்பக்கமாக மடித்துத் தலைக் கிளிப்பைக் குத்திவிடுவான். மற்றதெல்லாம் வாசிப்போம். பிறகு முறை வைத்து ஒருவர் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காவல் இருக்க வேண்டும். அடுத்த நாள் நான்கு பேரும் கூடி, என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு முடிவைச் சொன்ன பிறகுதான் கிளிப்பைக் கழற்றலாம். காவல் இருக்கிறவர் களவாகப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். அரிப்பு ஆட்கள் மாதா மேல் பண்ணுவார்கள், நாங்கள் அல்லாஹ் மேல் பண்ணுவோம்.

அப்படித்தான் ஒரு புத்தகம் பாலத்துச் சண்டையில் முடிந்தது. நீலத்தீயும் வில்லனும் கட்டிப்பிடித்தபடி பாலத்திலிருந்து கடலில் விழுகிறார்கள். கிளிப்பைக் கழற்றினால் கடைசிப் பக்கத்தில் வெறும் கடல். நடுவில் நீலத்தீயின் கையுறை ஒன்று மிதக்கிறது. கீழே தொடரும் என்று போட்டிருந்தது.

உப்புத் தண்ணீர். நெருப்பு அணைந்திருக்கும். செத்தான் என்றான் படக்காரன். சாகவில்லை என்றாள் வாங்குக்காரி. அதற்கு முன் வந்த புத்தகங்களையெல்லாம் அடுக்கி வைத்து, எந்தெந்த ஆள் செத்தான், எந்தெந்த ஆள் செத்தமாதிரிப் போய்த் திரும்பி வந்தான் என்று விரலை மடித்துக் காட்டினாள். செத்த எல்லாரையும் முகத்தோடு படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். திரும்பி வந்த ஒருவரையும் அப்படிக் காட்டவில்லை. மையத்தை, அதாவது பிரேதத்தைக் காட்டாமல் சாவு இல்லை என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். படக்காரன் அதைத் தன் கொப்பியின் பின்மட்டையில் எழுதினான்: ஆளைக் காட்டாவிட்டால் ஆள் சாகவில்லை. நாலு பேரும் கீழே கையெழுத்து வைத்தோம்.

அடுத்த புத்தகம் வரும்வரை வேறு பேச்சே இல்லை. பவுசர் வரிசையிலும் அதுதான், ரோட்டில் நடக்கும்போதும் அதுதான். ஒருநாள் கொட்டிலுக்கு வெளியே ரோட்டோரம் நின்று உரத்துக் கத்திக்கொண்டிருந்தோம். அவன் சாகவில்லை, ஆளைக் காட்டினார்களா, அது கையுறைதானே, எங்கேயோ தப்பி இருக்கிறான், கட்டாயம் திரும்பி வருவான். மாஸ்டர் சைக்கிளில் வந்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. எங்களை உள்ளே தள்ளி, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இப்படிக் கதைக்க யார் சொல்லித்தந்தது என்று மச்சானின் காதைப் பிடித்தார். மச்சான் அழுதுகொண்டே கையுறைப் படத்தை நீட்டினான்.

மாஸ்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். கணக்கு ஒன்றும் நடக்கவில்லை. போகும்போது எங்களைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாசிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா செத்தது, சாகாதது, திரும்பி வாறதெண்டு ரோட்டில நிண்டு கதைக்காதேங்கோ."

ஒரு படக்கதைக்குப் பயந்த மனுசன் என்று நாங்கள் வழியெல்லாம் சிரித்தோம். சோதனைச் சாவடியைத் தாண்டும்போதும் சிரித்தோம். இயக்கத் தலைவர் செத்தாரா, தப்பினாரா என்று சனம் குசுகுசுத்த அந்த வருடத்தில், அந்த ரோட்டில், பெரியவர்களின் காதில் அந்தப் பேச்சு என்னவாக விழுந்திருக்கும் என்று எனக்கு விளங்க இன்னும் எத்தனையோ வருடம் சென்றது. பாவம் மாஸ்டர். அவரை இப்போது கண்டால் மன்னிப்புக் கேட்பேன்.

வாங்குக்காரியின் தாய் பின்னேரங்களில் அவளைக் கூட்டிப்போக வருவார். அன்ரி என்று கூப்பிடுவேன். கையில் எப்போதும் ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஒரு பைல். மகனைத் தேடி மன்னாருக்கும் வவுனியாவுக்குமாகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு, ஏன் இந்த மனுசி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பைலோடு திரிகிறார் என்றிருந்தது.

ஒருநாள் அவர் மகளை முன்னால் நடக்க விட்டுவிட்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பிள்ளை, அந்தப் புத்தகம் அடுத்தது எப்ப வரும்?"

எந்தப் புத்தகம் என்று கேட்டேன்.

"அந்தக் கடலுக்க விழுந்த பெடியன்ட. இவள் வீட்டில ஒரே அதுதான். அவன் வந்தா அண்ணாவும் வருவானாம், மாதாவோட பேசி வச்சிருக்கிறாளாம். வந்தோடன எனக்கும் ஒருக்காச் சொல்லு."

எவ்வளவு பெரிய மனுசி, இப்படியா கேட்பார் என்று மனதுக்குள் நினைத்தேன். சரி அன்ரி என்று மட்டும் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். கையில் பைலின் பிளாஸ்டிக் வாசம் இருந்தது.

புத்தகம் வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் காவல் முறை என்னுடையது.

வாசித்தோம். புத்தகம் முழுக்க ஊரே அவனைக் கடலில் தேடுகிறது. வள்ளங்கள் போகின்றன, சுழியோடிகள் இறங்குகிறார்கள். கந்தோர்ப் பெட்டை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிக்கு முந்திய பக்கத்தில் ஒரு வள்ளக்காரன் கையை உயர்த்திக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான். அடுத்தது கிளிப்புக்குள். வாங்குக்காரி கிளிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணிப் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை குர்ஆன் மதரசா முடிந்து வந்தேன். எங்கள் புது வீட்டு வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. வாப்பா சீமெந்து குழைக்க, மேசன் கல்லு அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஓட்டை உள்ள சீமெந்துக் கல். நான் கல்லுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஆசையால் பார்க்கவில்லை. நல்ல முடிவென்றால் ஓடிப்போய் முதலில் அன்ரியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளிப்பைக் கழற்றினேன்.

முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். எழுத்து ஒன்றும் இல்லை. கரையில், கல்லின் மேல், அவனைக் கிடத்தியிருந்தார்கள். முகமூடி இல்லை. கண் மூடியிருந்தது. தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. கந்தோர்ப் பெட்டை பக்கத்தில் முழங்காலில் இருந்து அவனுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் மட்டும் நீல மை ஒரு பொட்டுக்கூட இல்லை.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். நீலத்தீக்காக இல்லை. ஆளைக் காட்டிவிட்டார்களே என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. சட்டத்தை எழுதிக் கையெழுத்து வைத்தவர்கள் நாங்களே. இனி அவளிடம் என்ன சொல்வது, அன்ரியிடம் என்ன சொல்வது?

தாளைப் பிடித்து மேலிருந்து கீழாக ஒரே இழுவையில் கிழித்தேன். சிறிதாக, இன்னும் சிறிதாக மடித்தேன். மேசன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், யன்னலுக்குக் கீழே அவர் அப்போதுதான் வைத்திருந்த கல்லின் ஓட்டைக்குள் போட்டேன். அவர் வந்து ஒன்றும் அறியாமல் கலவையை அள்ளிப் பூசி மேலே அடுத்த கல்லை வைத்தார். நான் அந்தத் தாளின் மறுபக்கத்தை வாசிக்கவே இல்லை. வாசகர் கடிதம் வருகிற பக்கம் அது. நாங்கள் எழுதிய கடிதம் அதில் வந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

அன்று பகல் சோறு இறங்கவில்லை. பாழ்வீட்டுப் பக்கம் போய்ப் பயந்துவிட்டேன் என்று உம்மா முடிவு கட்டி, லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து குடிக்கத் தந்தார். பொய்ச் சத்தியம் பண்ணிய வாயால் அந்த ஓதிய தண்ணீரைக் குடித்தேன். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பின்னேரம் நான்கு பேரும் கூடினோம். மடித்த கடைசித் தாள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது, காயவைக்கப் பிரிக்க வெளிக்கிட நார்நாராகப் பிய்ந்துவிட்டது, காற்று கொண்டுபோய்விட்டது என்றேன். முன்பும் பக்கங்கள் அப்படிப் போயிருந்தபடியால் நம்புகிற கதைதான். மச்சான் புத்தகத்தைப் பறித்தான். என்னைக் கண்டபடி ஏசினான். இனி எனக்குக் காவல் முறை கிடையாது என்றான். படக்காரன் கிழிந்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று கொப்பியில் கீறத் தொடங்கினான்.

வாங்குக்காரி மட்டும் புத்தகத்தை வாங்கி, தாள் போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள். "பரவாயில்லையடி," என்றாள். "எப்பிடியும் காட்டியிருக்க மாட்டினம்."

அன்ரி வந்து கேட்டபோது கடைசிப் பக்கம் இல்லை என்று சொன்னேன். "அப்ப ஒண்டும் தெரியாதுதான் என்ன," என்று அவர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவருடைய முகம் தெளிந்ததை நான் கண்டேன். நல்ல காரியம் செய்தேன் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. பதின்மூன்று வயதில் எனக்கு அவ்வளவுதான் அறிவு.

அதற்குப் பிறகு மாமாவின் லொறி வேறு பாதைக்குப் போனது. புத்தகமும் நின்றது. மச்சான் கட்டாருக்குப் போனான். படக்காரன் மன்னாரில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறான். மாஸ்டர் எங்கே என்று தெரியாது, உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வாங்குக்காரி படித்து ஆசிரியை ஆகிவிட்டாள். நானும் அவளும் நல்லது கெட்டதுக்குப் போய்வருவோம், பெருநாளைக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவேன், கிறிஸ்மஸுக்குக் கேக் வரும். நீலத்தீயைப் பற்றி மட்டும் நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்ரி அந்தப் பைலோடு எத்தனை ஊர், எத்தனை கொட்டகை, எத்தனை வரிசை என்று திரிந்தார். மகனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு அவர் மன்னார் ரோட்டோரம் மற்றத் தாய்மாரோடு வெயிலில் இருந்ததை ஒருமுறை பஸ்ஸிலிருந்து கண்டேன். இறங்க வேண்டும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. என்னுடைய ஒரு தாளால்தான் அவர் காத்திருந்தார் என்று சொல்லமாட்டேன், அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. ஆனால் அவரைக் காணும்போதெல்லாம் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே உள்ள சுவர் என் கண்ணுக்குள் வந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன் அன்ரி மௌத்தானார். செய்தி கேட்டு அரிப்புக்குப் போனேன். பெட்டியில் வெள்ளைச் சேலையோடு கிடத்தியிருந்தார்கள். வாங்குக்காரி தலைமாட்டில் இருந்து தாயின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். வருகிற எல்லாரும் குனிந்து முகத்தைப் பார்த்தார்கள், காலைத் தொட்டார்கள், நெற்றியில் முத்தம் கொஞ்சினார்கள். பின்னேரம் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய், பிறகு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவள் ஒரு பிடி மண் போட்டதை நான் மதிலுக்கு இப்பால் நின்று பார்த்தேன்.

திரும்பி வந்ததும் முற்றத்துக் கதிரைகளில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் அண்ணனின் படம், மாலை போடாமல். அதற்குக் கீழே மேசையில் அந்தப் பைல். இனி அதை யார் கொண்டு திரிவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்தக் கடைசிப் பக்கத்தை நீதானே கிழிச்சனி?"

ஓம் என்றேன்.

"நனைஞ்ச தாள் அப்பிடி நேராக் கிழியாது. தடவிப் பாத்த உடனேயே தெரியும்."

"அப்ப அண்டைக்கே ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ சொல்லிப்போடுவாய்."

இவ்வளவு வருடமும் நான் அவளுக்காக ஒளித்து வைத்திருந்ததை, அவள் தனக்காக என்னிடம் ஒளித்து வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அழ வேண்டியவள் நான் இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் கதிரையை என் பக்கம் திருப்பினாள். "இப்ப சொல்லு. ஆளைக் காட்டினவையோ?"

"ஓம்."

"முகத்தையும்?"

"முகத்தையும்தான். முகமூடி இல்ல. கரையில கிடத்தி இருந்தாங்க. அந்தக் கந்தோர்ப் புள்ள பக்கத்தில இருந்து கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தா."

அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள். நகத்துக்குள் கல்லறை மண் இன்னும் இருந்தது.

"குடுத்துவச்சவள்," என்றாள்.